காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது? அணு உலை விபத்தில் எந்த கம்ப்யூட்டர் மாடலை நம்புவது?

2011 மார்ச் 12. ஜப்பானின் ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தை ஒட்டியுள்ள நாமியே நகரத்து மக்கள், கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பினார்கள். முந்தைய நாள்தான் பூகம்பமும் சுனாமியும் அவர்கள் ஊரைப் புரட்டிப் போட்டிருந்தன. இப்போது அணு உலையிலும் ஏதோ கோளாறு என்கிறார்கள். ஆயிரக்கணக்கானோர் வடமேற்கே மலைப்பகுதியில் இருக்கும் ட்சுஷிமாவில் தஞ்சம் புகுந்தார்கள். உலையிலிருந்து சுமார் 30 கி.மீ. தூரம். பள்ளிக்கூடங்களும் சமுதாயக் கூடங்களும் நிரம்பி வழிந்தன. குழந்தைகள் வெளியே விளையாடினார்கள். சிலர் ஓடைத் தண்ணீரில் அரிசி களைந்து உலை வைத்தார்கள்.

அதே நேரத்தில் ஒரு கம்ப்யூட்டர், உலையிலிருந்து கதிரியக்கம் வெளியேறினால் காற்று அதை எந்தப் பக்கம் கொண்டுபோகும் என்று மணிக்கு ஒரு முறை கணக்குப் போட்டுப் படம் வரைந்துகொண்டிருந்தது. அதன் பெயர் ஸ்பீடி. 1979ல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலேண்ட் அணு உலை விபத்துக்குப் பிறகு, 'நம் நாட்டில் இப்படி நடந்தால் என்ன செய்வது?' என்று யோசித்து ஜப்பான் உருவாக்கிய சிஸ்டம். அதற்காக அந்த நாடு செலவழித்தது ஆயிரம் கோடி யென்னுக்கும் மேல்.

அந்தப் படங்களில் ஒன்றுகூட அந்த நாட்களில் நாமியே மக்களின் கைக்கு வரவில்லை. மக்கள் பார்வைக்கு ஸ்பீடியின் முதல் படம் வந்தது மார்ச் 23ல். மிக அதிகமான கதிரியக்கத் துகள்கள் நிலத்தில் படிந்தது மார்ச் 15ல். அவை படிந்த திசை, வடமேற்கு.

'தெரிந்தும் ஏன் சொல்லவில்லை?' என்பது ஜப்பான் மக்களின் கோபம். 'அந்தப் படமே நம்பக்கூடியதுதானா?' என்பது விஞ்ஞானிகளின் கேள்வி. இரண்டுக்கும் பதில் தெரிய வேண்டுமென்றால், இந்த மாடல்கள் எப்படி வேலை செய்கின்றன, எந்த இடத்துக்கு எந்த மாடல் பொருந்தும் என்று பார்க்க வேண்டும்.

மூன்றே கேள்விகள்

அணு உலை விபத்துக்கான காற்றுப் பரவல் மாடல்கள் எல்லாமே மூன்று கேள்விகளுக்குத்தான் பதில் தேடுகின்றன. உலையிலிருந்து எவ்வளவு வெளியே வந்தது? காற்று அதை எங்கே கொண்டுபோகும்? எங்கே கீழே இறக்கும்?

இரண்டாவது கேள்வியைப் புரிந்துகொள்ள விஞ்ஞானம் படித்திருக்க வேண்டியதில்லை. போகி அன்று அதிகாலையில் சென்னையைப் பார்த்தாலே போதும். தெருத்தெருவாக எரிக்கும் பழைய பொருள்களின் புகை மேலே போகாமல் ஊருக்குள்ளேயே படுத்துக் கிடக்கும். விமானங்கள் தாமதமாகும். இதே புகையை மதியம் 2 மணிக்குக் கிளப்பினால் கொஞ்ச நேரத்தில் கலைந்துவிடும். காரணம், வெயில் ஏறியதும் தரை சூடாகி, காற்று மேலும் கீழும் புரள ஆரம்பிக்கிறது. இரவிலும் அதிகாலையிலும் தரை குளிர்ந்திருக்கும். அதை ஒட்டிய காற்று அசையாமல் மூடி போட்டதுபோல நிற்கும். புகை ஒன்றுதான். வெளியேறும் நேரம் மாறினால் அது போகும் தூரமும் மாறும், அடர்த்தியும் மாறும்.

பிரிட்டனைச் சேர்ந்த வானிலை விஞ்ஞானி ஃபிராங்க் பாஸ்கில் 1961ல் இதைத்தான் ஆறு வகையாகப் பிரித்தார். நல்ல வெயிலில் காற்று புரளும் நிலை 'ஏ'. அசைவே இல்லாத இரவு நிலை 'எஃப்'. காற்றின் வேகமும், வெயிலோ மேகமோ எவ்வளவு என்பதும் தெரிந்தால் போதும், இன்றைய காற்று எந்த வகை என்று சொல்லிவிடலாம். அறுபது வருடங்கள் தாண்டியும் இந்த ஆறு எழுத்துகள் புழக்கத்தில் இருக்கின்றன.

முதல் மாடல்: நேர்கோட்டுப் புகை

பாஸ்கிலின் ஆறு வகைகளை வைத்து இயங்குவதுதான் காஸியன் ப்ளூம் மாடல். கணித மேதை காஸ் பெயரில் உள்ள மணி வடிவ வளைவை அடிப்படையாகக் கொண்டது. புகையின் நடுவில் அடர்த்தி அதிகம், இருபக்கமும் போகப் போகக் குறைவு. தூரம் கூடக் கூட அந்த மணி அகன்று தட்டையாகிவிடும்.

இதன் பலம் வேகம். சூப்பர் கம்ப்யூட்டர் வேண்டாம்; ஒரு கால்குலேட்டரில்கூடக் கணக்குப் போடலாம். சமதளம், ஒரே திசையில் வீசும் காற்று, சில கிலோமீட்டர்களிலிருந்து ஓரிரு பத்து கிலோமீட்டர்கள் வரையிலான தூரம் என்றால் நம்பலாம். அணுமின் நிலையம் கட்டுவதற்கு முன்பு, 'மிக மோசமான நாளில் விபத்து நடந்தால் வேலியோரம் இருப்பவருக்கு எவ்வளவு கதிர்வீச்சு?' என்று திட்டமிடும் கட்டத்தில் உலகம் முழுக்க இதையே அதிகம் பயன்படுத்துகிறார்கள்.

பலவீனமும் அதே எளிமைதான். இந்த மாடலுக்கு மலை தெரியாது. பள்ளத்தாக்கு தெரியாது. காற்று வழியில் திரும்பும் என்பதும் தெரியாது. ஒரு மணி நேரத்துக்கு ஒரே திசை, ஒரே வேகம் என்று எடுத்துக்கொண்டு நேர்கோட்டில் போய்க்கொண்டே இருக்கும்.

இரண்டாவது: பஞ்சுப் பொதிகள்

காற்று திரும்பினால் புகையும் திரும்ப வேண்டுமே? அதற்கு வந்தவை 'பஃப்' மாடல்கள். தொடர்ச்சியான புகையை, ஒன்றன்பின் ஒன்றாக விடப்படும் பஞ்சுப் பொதிகளாக இவை எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு பொதியும் அந்தந்த நேரத்துக் காற்றோடு போகும். போகப் போகப் பெரிதாகும். 9 மணிக்குக் கிளம்பிய பொதி தெற்கே போயிருக்கும். மதியம் கிளம்பிய பொதி வடமேற்கே போயிருக்கும்.

டென்மார்க்கின் ரிம்பஃப் இந்த வகை. அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் பயன்படுத்தும் ராஸ்கல் என்ற மென்பொருள், கிட்டத்தில் நேர்கோட்டு முறையையும் தூரத்தில் பஃப் முறையையும் கையாளும். விபத்து நடந்த சில நிமிடங்களில் ஒரு பதில் வேண்டும் என்பவர்களுக்கு இது வசதி.

மூன்றாவது: லட்சம் துகள்கள்

அடுத்தது லக்ராஞ்சியன் துகள் மாடல். இதில் கம்ப்யூட்டர் ஆயிரக்கணக்கில், சமயத்தில் லட்சக்கணக்கில் கற்பனைத் துகள்களைக் காற்றில் விடும். வானிலைக் கணிப்பிலிருந்து வரும் முப்பரிமாணக் காற்றில் ஒவ்வொரு துகளும் தனித்தனியாகப் பயணம் செய்யும். காற்றின் புரளலுக்காக ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் தள்ளாட்டமும் சேர்க்கப்படும். கடைசியில் எந்த ஊருக்கு மேலே எத்தனை துகள்கள் நிற்கின்றன என்று எண்ணினால் அடர்த்தி தெரிந்துவிடும்.

அமெரிக்காவின் ஹைஸ்பிளிட், ஐரோப்பாவில் உருவான ஃப்ளெக்ஸ்பார்ட், பிரிட்டன் வானிலை அலுவலகத்தின் நேம் எல்லாம் இந்தக் குடும்பம். இதில் நேம் பிறந்ததே 1986 செர்னோபில் விபத்தின் பாடமாகத்தான். 2010ல் ஐஸ்லாந்து எரிமலை வெடித்து ஐரோப்பாவின் விமானங்கள் முடங்கியபோது, சாம்பல் எங்கே போகிறது என்று சொல்லவும் இதே மாடல் உதவியது. ஜப்பானின் ஸ்பீடியும் துகள் முறையில் இயங்கியதுதான்.

மலை, கடற்கரை, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் என எல்லாவற்றையும் இவை சமாளிக்கும். ஆனால், இவற்றுக்கு நல்ல வானிலைக் கணிப்பு வேண்டும், கம்ப்யூட்டர் சக்தி வேண்டும், இயக்கத் தெரிந்த ஆள் வேண்டும். வானிலைக் கணிப்பு தப்பினால், லட்சம் துகள்களும் கட்சி மாறாமல் தப்பான ஊருக்கே போய்ச் சேரும்.

மார்ச் 15ல் என்ன நடந்தது?

மாடல் தேர்வு ஏன் முக்கியம் என்பதற்கு அந்த ஒரு நாளே சாட்சி.

மார்ச் 15 அதிகாலையில் காற்று தெற்கு நோக்கி வீசியது. கதிரியக்கத் துகள்கள் டோக்கியோ இருக்கும் கான்டோ பகுதிப் பக்கம் போயின. நேரம் ஆக ஆகக் காற்று மேற்கே திரும்பி, மதியத்துக்கு மேல் வடமேற்கே போனது. வழியில் மலைகளும் பள்ளத்தாக்குகளும். மாலையில் மழை ஆரம்பித்தது. மலைப்பகுதிகளில் பனியாகவும் கொட்டியது. காற்றில் மிதந்து கடந்துபோயிருக்க வேண்டிய சீசியத்தை மழையும் பனியும் கழுவித் தரையில் இறக்கிவிட்டன.

காலையில் தெற்கே பார்த்து நேர்கோடு போட்ட மாடல், மாலையில் வடமேற்கே என்ன நடக்கும் என்று சொல்லியிருக்காது. காற்றின் திருப்பத்தைப் பிடிக்கக்கூடிய மாடலும், மழை பெய்யும் இடத்தையும் நேரத்தையும் சரியாகச் சொன்னால்தான் உதவியிருக்கும். ஏனென்றால் மழை பெய்த ஊருக்கும் பெய்யாத பக்கத்து ஊருக்கும் நிலத்தில் படிந்த அளவில் பெரிய வித்தியாசம் வந்துவிடும்.

ட்சுஷிமாவில் இருந்த நாமியே மக்கள் அதே 15ஆம் தேதி, நகர நிர்வாகம் தானாக எடுத்த முடிவின்படி நிஹோன்மாட்சு நகரத்துக்கு இடம் மாறினார்கள். ஈட்டாட்டே கிராமத்தின் கதை வேறு. சுமார் 6,000 பேர் வாழ்ந்த அந்தக் கிராமத்தின் பெரும்பகுதி 30 கி.மீ. வட்டத்துக்கு வெளியே இருந்தது. வட்டத்துக்கு வெளியே என்றால் பாதுகாப்பு என்பதுதான் அன்றைய கணக்கு. அரசு அந்தக் கிராமத்தை வெளியேற்றப் பகுதியாக அறிவித்தது ஏப்ரல் 22ல். துகள்கள் படிந்து ஐந்து வாரங்களுக்கும் மேல் ஆகியிருந்தது. அதன் பிறகும் காலி செய்ய ஏறக்குறைய ஒரு மாத அவகாசம் தரப்பட்டது.

அரசு முதலில் 3 கி.மீ., பிறகு 10 கி.மீ., பிறகு 20 கி.மீ. என்று வட்டம் வட்டமாக மக்களை வெளியேற்றியது. மார்ச் 17 முதல் அமெரிக்க விமானங்கள் மேலிருந்து அளந்தபோது தெரிந்தது, வடமேற்கு நோக்கி நாக்கு நீட்டியதுபோல ஒரு நீண்ட பட்டை.

ஸ்பீடி ஏன் பேசவில்லை?

ஸ்பீடிக்குத் தேவையான முதல் கேள்வியின் பதில், அதாவது எவ்வளவு வெளியேறியது என்பது, உலையிலுள்ள கருவிகளிலிருந்து வேறொரு சிஸ்டம் வழியாக வர வேண்டும். பூகம்பத்தில் வெளி மின்சாரமே போய்விட்டது. தகவல் வரவில்லை.

அப்போது இயக்கியவர்கள் கையேட்டில் உள்ளபடி ஒரு வேலை செய்தார்கள். 'மணிக்கு ஒரு பெக்கரல் வெளியேறுகிறது' என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். பெக்கரல் என்பது கதிரியக்கத்தின் மிகச் சிறிய அளவு. இப்படிச் செய்தால் ஓர் ஊரில் எவ்வளவு கதிர்வீச்சு என்று தெரியாது. ஆனால், எந்தத் திசை, எந்த நேரம் என்பது தெரியும். பக்கத்து வீட்டில் எத்தனை மீன் வறுக்கிறார்கள் என்று தெரியாவிட்டாலும், வாசனை யார் வீட்டு ஜன்னலுக்கு வரும் என்று சொல்லிவிடலாம் அல்லவா, அப்படி.

இந்தப் படங்கள் சம்பந்தப்பட்ட அலுவலகங்களுக்குப் போயின. மார்ச் 14ல் அமெரிக்க ராணுவத்துக்கும் போயின. ஃபுகுஷிமா மாகாண நிர்வாகத்துக்கு 86 இமெயில்களில் வந்தவற்றில் 65 இமெயில்கள் பார்க்கப்படாமலும் பகிரப்படாமலும் அழிக்கப்பட்டது பின்னர் தெரியவந்தது. 'அளவு தெரியாத படத்தை வெளியிட்டால் மக்கள் குழம்பிப்போவார்கள்' என்பது அதிகாரிகள் தரப்பில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

2012 ஜூலையில் இரண்டு விசாரணை அறிக்கைகள் வந்தன. ஹட்டமுரா தலைமையிலான அரசு விசாரணைக் குழு, 'அளவு தெரியாவிட்டாலும் திசை தெரிந்திருந்தால், மக்கள் எந்த வழியில், எப்போது கிளம்புவது என்று முடிவெடுக்க உதவியிருக்கும்' என்ற முடிவுக்கு வந்தது. குரோகாவா தலைமையில் நாடாளுமன்றம் அமைத்த குழுவோ, 'உலைத் தகவல் இல்லாத ஸ்பீடி கணக்கு, ஆரம்பகட்ட வெளியேற்றத்தை முடிவு செய்யும் அளவுக்குத் துல்லியமானது அல்ல' என்றது.

ஒரே சிஸ்டம், ஒரே விபத்து, ஒரே மாதத்தில் இரண்டு தீர்ப்புகள். ஒரு குழு திசையைப் பார்த்தது. இன்னொரு குழு அளவைப் பார்த்தது. எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்பதைப் பொறுத்துத்தான் மாடல் நல்லதா கெட்டதா என்பதே முடிவாகிறது.

அமெரிக்கா சொன்ன 80 கி.மீ.

இதே நாட்களில் இன்னொரு மாடலும் இன்னொரு முடிவைச் சொன்னது. மார்ச் 16ல் அமெரிக்கா, ஜப்பானில் இருக்கும் தன் குடிமக்களிடம் உலையிலிருந்து 50 மைல், அதாவது 80 கி.மீ. தள்ளிப் போகச் சொன்னது. ஜப்பான் அரசு அப்போது சொல்லியிருந்தது 20 கி.மீ. வரை வெளியேற்றம், அடுத்து 30 கி.மீ. வரை வீட்டுக்குள் இருங்கள் என்பதுதான்.

யார் சொல்வது சரி என்று உலகமே குழம்பியது. அமெரிக்கக் கணக்குக்குப் பின்னால் இருந்தது ராஸ்கல். உலைகளுக்குள் என்ன நடக்கிறது என்ற முழுத் தகவல் கைவசம் இல்லாததால், பல உலைகளின் மோசமான நிலையை அனுமானமாக வைத்துப் போட்ட கணக்கு அது. மாடல் தவறு செய்தது என்று சொல்ல முடியாது. கொடுத்த அனுமானத்துக்குப் பதில் சொன்னது. ஆனால் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த ஜப்பானியக் குடும்பத்துக்கு அந்த வித்தியாசத்தை யாரும் விளக்கவில்லை.

எவ்வளவு வெளியேறியது என்பதில் பிறகும் உடனே ஒருமித்த பதில் கிடைக்கவில்லை. ஜப்பான் அணுசக்தி முகமையின் விஞ்ஞானிகள் 2011லேயே வெளியிட்ட மதிப்பீட்டில் சீசியம்-137 சுமார் 13 பெட்டா பெக்கரல். ஒன்றுக்குப் பிறகு 15 சைபர் போட்டால் ஒரு பெட்டா. ஃப்ளெக்ஸ்பார்ட் மாடலையும் உலகம் முழுவதும் எடுத்த அளவீடுகளையும் சேர்த்து நார்வே விஞ்ஞானிகள் தலைமையிலான குழு 2012ல் சொன்னது சுமார் 37. ஏறக்குறைய மூன்று மடங்கு. ஐ.நா.வின் கதிர்வீச்சு விளைவுகளுக்கான அறிவியல் குழு எல்லாவற்றையும் அலசிவிட்டு 6 முதல் 20 வரை என்றது.

மாடலுக்கும் பரீட்சை உண்டு

எந்த மாடல் சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அணு உலையை உடைத்துப் பார்க்க முடியாது. அதனால் ஐரோப்பிய விஞ்ஞானிகள் 1994 அக்டோபர் 23ல் ஒரு காரியம் செய்தார்கள். பிரான்ஸின் மேற்குக் கோடியில் உள்ள பிரிட்டனி பகுதியிலிருந்து, தீங்கில்லாத, மிகக் குறைந்த அளவில்கூடக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரு வாயுவைக் காற்றில் விட்டார்கள். 12 மணி நேரம். மொத்தம் 340 கிலோ. 17 நாடுகளில் 168 நிலையங்களில் காற்றைப் பிடித்துச் சோதித்தார்கள். இன்னொரு பக்கம் பல நாட்டு நிபுணர்கள், 'இப்போது வாயு எங்கே இருக்கும்?' என்று அவரவர் மாடலில் கணித்தார்கள். ஈடெக்ஸ் என்பது இந்தப் பரீட்சையின் பெயர்.

மேகம் எப்போது எங்கே போகும் என்பதைப் பல மாடல்கள் ஓரளவு நன்றாகவே பிடித்தன. ஆனால் ஓர் இடத்தில் எவ்வளவு அடர்த்தி என்பதில் தடுமாறின. நவம்பரில் நடந்த இரண்டாவது பரீட்சையில் பல மாடல்களின் மதிப்பெண் இன்னும் குறைவு. முதல் பரீட்சையில் பாஸ் ஆன மாடல், வேறொரு நாளின் காற்றிலும் பாஸ் ஆகும் என்று உறுதி சொல்ல முடியாது என்பது அன்றே தெரிந்துவிட்டது.

ஃபுகுஷிமாவுக்குப் பிறகு உலக வானிலை அமைப்பு இன்னொரு ஒப்பீடு செய்தது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரியா, ஜப்பான் ஆகிய ஐந்து நாடுகளின் மாடல்களை, வெவ்வேறு வானிலைத் தரவுகளோடு ஓட்டிப் பார்த்து, நிலத்தில் அளந்த உண்மையான அளவுகளோடு வைத்துப் பார்த்தார்கள். ஒரே மாடல் எல்லா இடத்திலும் முதலிடம் வரவில்லை. எல்லா மாடல்களின் சராசரி, பெரும்பாலும் முதலிடத்திலோ அதற்குப் பக்கத்திலோ இருந்தது. நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்க நாலு பேரைக் கேட்கிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. விஞ்ஞானத்திலும் அதே யோசனைக்கு மதிப்பு இருக்கிறது. பத்து மாடல்களில் ஒன்பது ஒரே ஊரைக் காட்டினால் உறுதியாகச் சொல்லலாம். பத்தும் பத்துப் பக்கம் காட்டினால், 'தெரியவில்லை' என்பதே அப்போதைய உண்மையான கணிப்பு.

எதற்கு எது?

மாடலைத் தேர்வு செய்பவர்கள் பார்க்கும் விஷயங்களைச் சுருக்கினால் இவ்வளவுதான்:

* தூரம்: சில கிலோமீட்டருக்குள் என்றால் எளிய காஸியன் போதும். பத்துக்கணக்கான கிலோமீட்டருக்கு பஃப். நாடு தாண்டிப் போகும் என்றால் துகள் மாடல். உலைக் கட்டடங்களுக்கு நடுவே சில நூறு மீட்டர் என்றால், கட்டடம் காற்றைத் திருப்புவதையும் கணக்கிடும் தனி வகை மாடல்கள் தேவை.

* நிலம்: சமவெளியில் எதுவும் ஓடும். மலையும் கடலும் இருந்தால் நேர்கோட்டு மாடல் கைவிட்டுவிடும்.

* நேரம்: முதல் அரை மணியில் பதில் வேண்டுமா, ஒரு வாரத்தில் வேண்டுமா? தாமதமாக வரும் துல்லியமான படத்தைவிட, இப்போதே வரும் சுமாரான படம் சில நேரம் அதிக உயிரைக் காக்கும்.

* தகவல்: எவ்வளவு வெளியேறியது என்பதே தெரியாதபோது, தசமப் புள்ளி வரை கணக்குப் போடும் மாடல் வாங்கி வைத்துப் பயனில்லை.

* நோக்கம்: உலை கட்டும் முன் போடும் கணக்கில், அபாயத்தைக் கொஞ்சம் அதிகமாகவே காட்டும் மாடல் பாதுகாப்பு. மக்களை வெளியேற்றும்போது அதே மாடல் ஆபத்தாக மாறலாம்.

* மழை: துகள்களை மழை எப்படிக் கழுவி இறக்கும் என்று கணக்கிடாத மாடல், நிலத்தில் படியும் அளவைச் சொல்லத் தகுதியற்றது.

சில சமயம் மாடலைப் பின்னோக்கியும் ஓட்டுவார்கள். 2017 இலையுதிர் காலத்தில் ருத்தேனியம்-106 என்ற கதிரியக்கப் பொருள் ஐரோப்பாவின் பல நாடுகளில் காற்றில் மிகச் சிறிய அளவில் தென்பட்டது. எங்கிருந்து வந்தது என்று எந்த நாடும் ஒப்புக்கொள்ளவில்லை. பிரான்ஸின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு நிறுவனம் மாடலைப் பின்னோக்கி ஓட்டி, வோல்கா நதிக்கும் யூரல் மலைத்தொடருக்கும் இடைப்பட்ட பகுதியே அதன் பிறப்பிடமாக இருக்க அதிக வாய்ப்பு என்றது. ரஷ்யா மறுத்தது.

கல்பாக்கத்துக் கடல்காற்று

சென்னைக்குத் தெற்கே கடற்கரையில் இருக்கும் கல்பாக்கத்துக்கும் இந்தக் கேள்வி உண்டு. அங்குள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள், அவசர காலத்துக்காகவே வானிலை மாடலையும் துகள் மாடலையும் இணைத்து ஒரு சிஸ்டத்தை உருவாக்கியிருக்கிறார்கள். நேர்கோட்டு மாடலோடு அவர்கள் நிற்காததற்கு முக்கியக் காரணம், சென்னைவாசிகள் தினமும் எதிர்பார்க்கும் கடல்காற்று.

காலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கிப் போகும் காற்று, மதியம் கடல்காற்று புகுந்ததும் திரும்பி ஊருக்குள் வரும். கடல்மேல் குளிர்ந்து வரும் காற்று, சூடான தரையைத் தொட்டதும் அடியில் மட்டும் புரள ஆரம்பிக்கும். கரையோரத்தில் இந்தப் புரளும் அடுக்கு தடிமன் குறைவு. உள்ளே போகப் போக உயரும். உயரமான புகைபோக்கியிலிருந்து வந்த புகை, கரையோரத்தில் அந்த அடுக்குக்கு மேலே அமைதியாக மிதந்து போய், சில கிலோமீட்டர் உள்ளே அடுக்கு உயர்ந்து தன்னைத் தொட்டதும் சட்டென்று தரைக்கு இறங்கக்கூடும். உலைக்குப் பக்கத்து ஊரைவிடத் தள்ளியிருக்கும் ஊரில் அடர்த்தி கூடலாம். சமவெளிக்கு எழுதிய மாடலுக்கு இந்த வித்தை தெரியாது.

வெளியேற்றமும் உயிரைக் குடிக்கும்

'எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி? எல்லோரையும் உடனே தூரமாக அனுப்பிவிட வேண்டியதுதானே?' என்று தோன்றலாம். ஃபுகுஷிமா அதற்கும் பதில் வைத்திருக்கிறது.

20 கி.மீ. வட்டத்துக்குள் இருந்த மருத்துவமனைகளையும் முதியோர் இல்லங்களையும் அவசரமாகக் காலி செய்ததில், அந்த மார்ச் மாதத்திலேயே குறைந்தது 60 பேர் இறந்தார்கள் என்று நாடாளுமன்றக் குழு அறிக்கை சொல்கிறது. படுத்த படுக்கையாக இருந்தவர்களைப் பல மணி நேரம் பேருந்தில் உட்கார வைத்துக் கொண்டுபோனார்கள். முகாம் வாழ்க்கை, மன உளைச்சல், மருத்துவம் தடைபட்டது எனப் பேரிடரின் தொடர்ச்சியாக ஃபுகுஷிமா மாகாணத்தில் இறந்தவர்கள் 2,300 பேருக்கும் மேல். அதேசமயம், அந்த மாகாண மக்களிடம் கதிர்வீச்சால் நேரடியாக ஏற்பட்டது என்று சொல்லத்தக்க உடல்நலப் பாதிப்பு எதுவும் பதிவாகவில்லை என்று ஐ.நா. அறிவியல் குழு பின்னர் தெரிவித்தது.

இதனால்தான் மாடல் இரண்டு பக்கமும் கூர்மையான கத்தி. அபாயத்தைக் குறைத்துச் சொன்னால் மக்கள் கதிர்வீச்சில் நிற்பார்கள். கூட்டிச் சொன்னால் தேவையில்லாத ஓட்டத்தில் உயிர்கள் போகும்.

2014ல் ஜப்பானின் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம், வெளியேற்ற முடிவுகளுக்கு ஸ்பீடியைப் பயன்படுத்துவதில்லை என்று முடிவு செய்தது. எப்போது எவ்வளவு வெளியேறும் என்று தெரியாமல் போடும் கணிப்பை நம்பி மக்களை நகர்த்துவது ஆபத்து என்பது அதன் வாதம். இப்போதைய விதிப்படி, நிலைமை மோசமானால் 5 கி.மீ.க்குள் இருப்பவர்கள் துகள்கள் வெளியேறும் முன்பே கிளம்பிவிட வேண்டும். 30 கி.மீ. வரை இருப்பவர்கள் முதலில் வீட்டுக்குள் இருக்க வேண்டும். அளவு மானியில் மணிக்கு 500 மைக்ரோசீவர்ட் காட்டினால் வெளியேற்றம். 20 மைக்ரோசீவர்ட் என்றால் ஒரு வாரத்துக்குள் இடமாற்றம். கணிப்புக்குப் பதில் அளவீடு.

அணு உலைகள் இருக்கும் சில மாகாணங்கள் இதை ஏற்கவில்லை. 'அளந்து பார்த்துச் சொல்வதற்குள் துகள்கள் மக்கள்மேல் விழுந்திருக்குமே?' என்று கேட்டன. கடைசியில், 'மாகாணங்கள் சொந்தப் பொறுப்பில் கணிப்பைப் பயன்படுத்திக்கொள்ளலாம்' என்று 2016ல் மத்திய அரசு இறங்கி வந்தது. ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகள், செர்னோபிலுக்குப் பிறகு உருவாக்கிய ரோடோஸ் போன்ற மாடல் சிஸ்டங்களை இன்றும் கைவிடவில்லை. கணிப்பு, அளவீடு இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

மாடல் எதுவும் கையில் இல்லாமல் சரியான முடிவெடுத்த ஓர் ஊரும் ஃபுகுஷிமாவில் உண்டு. உலைக்கு மேற்கே இருக்கும் மிஹாரு நகர நிர்வாகத்தினர் மார்ச் 15ல் காற்று கிழக்கிலிருந்து வரப்போகிறது, மழையும் வரும் என்று வானிலை அறிக்கையைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல், கையிருப்பில் இருந்த அயோடின் மாத்திரைகளைத் தகுதியுள்ள மக்களுக்கு அன்றே கொடுத்தார்கள். கதிரியக்க அயோடின் தைராய்டு சுரப்பியில் சேராமல் தடுக்கும் மாத்திரை அது. பாதிப்புக்குச் சற்று முன்போ, உடனடியாகவோ சாப்பிட்டால்தான் முழுப் பலன். திரும்ப வாங்கச் சொல்லி மாகாண நிர்வாகத்திலிருந்து தகவல் வந்தது. நகர நிர்வாகம் மறுத்துவிட்டது.

வாட்ஸ்அப்பில் வரும் படம்

ஃபுகுஷிமாவுக்குப் பிறகு ஒரு படம் உலகம் முழுக்கப் பரவியது. பசிபிக் கடல் முழுவதும் சிவப்பும் மஞ்சளும் கருப்புமாக, ஜப்பானிலிருந்து கதிரியக்கம் பரவுவதுபோல இருக்கும். உண்மையில் அது சுனாமி அலையின் உயரத்தைக் காட்ட அமெரிக்காவின் நோவா அமைப்பு வெளியிட்ட படம். கதிரியக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இனி இப்படி ஒரு படம் குடும்ப குரூப்பில் வந்தால், ஃபார்வர்டு செய்யும் முன் நாலு விஷயங்களைப் பாருங்கள். எந்த அமைப்பு வெளியிட்டது? எந்தத் தேதி, எந்த மணிக்கான படம்? வண்ணங்கள் எந்த அளவைக் குறிக்கின்றன? இது அளந்து பார்த்ததா, 'இவ்வளவு வெளியேறினால்' என்று வைத்துப் போட்ட கணக்கா? கடைசிக் கேள்விக்குப் பதில் படத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். 2011 மார்ச்சில் அதிகாரிகளே தயங்கி நின்றது அந்தச் சின்ன எழுத்தை மக்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான்.